துண்டு போட்ட இடம்

வீட்டோடு மிஷின் போட்டுத் தைக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும், ஆரி ஸ்டாண்டைப் பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் மருமகள்களுக்கும், பாதிக் கூடையோடு ஒயர் கட்டைப் பரணில் போட்டுவிட்ட அத்தைமாருக்கும் மதுரையிலிருந்து எழுதிக்கொண்டது.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் கையைத் தொலைத்துவிட்டேன். பயப்படாதீர்கள், ஜாக்கெட் கை.

முகூர்த்தப் பட்டோடு வரும் ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் கையும் பட்டியும் அதற்குள்ளேயே வெட்டியாக வேண்டும். கரையை இரண்டு கைக்கும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது நூல்தான். ராத்திரி வெட்டிச் சுருட்டி மிஷின் மேல் வைத்தேன். காலையில் உட்கார்ந்தால் ஒரு கை இருக்கிறது, ஒரு கை இல்லை. கட்டிலுக்கடியில், ஃபால்ஸ் பெட்டியில், வெட்டுத்துணி மூட்டையில், குப்பைக்கூடையில் என்று தேடிய தேடலில் இருபது வருஷமாகக் காணாமல்போன சாமான்கள் எல்லாம் கிடைத்தன, அந்தக் கை மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். சேலையின் உள்தலைப்பில், கொசுவத்துக்குள் போய்விடும் முனையில், ஒரு முழம் வெட்டிக்கொள்ள அனுமதி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. கல்யாணம் முடிந்து பதினோராம் நாள், கேன்வாஸ் சுருளை விரித்தபோது உள்ளே அந்தக் கை ஒட்டிக்கொண்டு இருந்தது.

அன்றைக்கே அறையைக் காலி பண்ணிச் சீர் செய்வது என்று முடிவெடுத்தேன். மார்கழி பிறந்துவிட்டது. வேலை முக்கால்வாசி முடிந்தது. போகிக்குள் நீங்களும் ஆரம்பிக்க நினைப்பீர்கள் என்பதால், பட்டதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அதற்கு ‘மிஷின் ரூம்’ என்று பேர். பத்தடிக்கு எட்டடி, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். நான் கல்யாணமாகி வந்தபோது அத்தை அதில் அரிசி மூட்டையும் அண்டாவும் வைத்திருந்தார். அம்மா சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடுத்த கறுப்பு மிஷின் முதலில் கூடத்தில் இருந்தது. சத்தம் அதிகம் என்று தாழ்வாரத்துக்குப் போனது. சாரல் அடிக்கிறது என்று அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அண்டா பரணுக்கு ஏற ஏழு வருஷம் ஆனது. இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

மிஷின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இயந்திரமே ஆகாது என்றவர் என்று காந்தியைச் சொல்கிறோம். 1924-ல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று அவரைக் குடைந்து குடைந்து கேட்டபோது, தையல் மிஷினுக்கு அவர் விலக்குக் கொடுத்தார். கையால் தைத்துக் கஷ்டப்பட்ட மனைவியைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார், அதற்குள் அன்பு இருக்கிறது என்பது காந்தி சொன்ன காரணம். அப்படிக் கேட்ட ராமச்சந்திரன்தான் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் நம் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உண்டாக்கியவர். சிங்கரின் நிஜ வாழ்க்கையைப் படித்தால் மனைவிக்காக உருகிய ஆளாகத் தெரியவில்லை. பல பெண்களோடு குடித்தனம், இருபதுக்கு மேல் பிள்ளைகள். அது போகட்டும். காந்தி விலக்குக் கொடுத்தது மிஷினுக்குத்தான். அதைச் சுற்றி நான் சேர்த்து வைத்திருந்த நூற்று முப்பத்தேழு ஜாக்கெட் பிட்டுக்கு இல்லை.

நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டை மாடிக்கு ஏற்றிக் கொட்டினேன். புரட்டாசி. மதுரையில் புரட்டாசி மத்தியானம் எப்படிக் காய்ந்தாலும் சாயங்காலம் நம்ப முடியாது. நாலரை மணிக்கு இடி இடித்தது. பிரித்ததையும் பிரிக்காததையும் வாரிச் சுருட்டிக் கூடத்தில் போட்டோம். அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் துணிமேட்டின் ஓரத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சாதி எடுங்கள். இன்றைக்கு நூல் என்றால் நூல் மட்டும். ஜாக்கெட் பிட் எடுக்கும் நாளில் வேறு எதையும் தொடக்கூடாது, அது தனி மலை.

அந்த மலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நூற்று முப்பத்தேழில் நான் காசு கொடுத்து வாங்கியது ஒன்பது. மற்றதெல்லாம் தாம்பூலத்தில் வந்தவை. நவராத்திரி, வரலட்சுமி நோன்பு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு மடித்துக் கையில் கொடுத்தவை. நல்ல வழக்கம். ஆனால் அந்தத் துணியை யாராவது தைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அதே கவரில் அடுத்த வீட்டு நவராத்திரிக்குக் கொடுக்கிறோம். அவர்கள் அடுத்த தெருவுக்குக் கொடுக்கிறார்கள். பச்சையில் மஞ்சள் புட்டா போட்ட ஒரு துணியை நான் நன்றாக அடையாளம் வைத்திருக்கிறேன், மூலையில் ஒரு மைக்கறை. எதிர்வீட்டு அக்காவுக்கு நான் கொடுத்தது மூன்று வருஷம் கழித்து விருதுநகரில் ஒரு வளைகாப்பில் எனக்கே திரும்பி வந்தது. தைக்கிற வீடு என்று தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். ‘உங்களுக்குத்தான் உபயோகப்படும்’ என்று தங்களுக்கு வந்ததையும் சேர்த்து அனுப்புவார்கள். ஊர் முழுக்கச் சுற்றி வரும் ஜாக்கெட் துணி வந்து நிற்கும் கடைசி ஸ்டாப் நம்முடைய மிஷின் ரூம்தான்.

எப்படிப் பிரித்தேன் என்றால், முதலில் எது நூல்துணி எது செயற்கை என்று பார்த்தேன். தடவிப் பார்த்துச் சொல்லும் என் கையும் இப்போது ஏமாறுகிறது, அவ்வளவு கலப்படம். ஓரத்தில் இரண்டு இழை உருவி விளக்கில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பட்டென்றால் முடி கருகும் நாற்றம். இப்படிப் பார்த்ததில் நூற்றுக்கு மேல் பாலியெஸ்டர். நம் வெயிலுக்கு அதில் ஜாக்கெட் போடுவது தண்டனை. லைனிங்குக்கும் ஆகாது. நூல்துணியாக இருந்த முப்பத்தொன்றை மட்டும் துவைத்து, சுருங்குவது சுருங்கட்டும் என்று காயப்போட்டு எடுத்து வைத்தேன். புதுத்துணியின் கஞ்சிப் பசையை விட்டு வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு நாமே பந்தி போட்ட மாதிரி.

அடுத்து நூல். இங்கேதான் கை நடுங்கியது. எங்கள் மாமனார் மில்லில் வேலை பார்த்தவர். ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் 1892-ல் எழுந்தது, 1974-ல் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. மதுரையில் பல குடும்பங்களுக்கு நூல் என்றால் சோறு. அந்த வீட்டில் ஒரு நூல்கண்டைக் குப்பையில் போடுவது சோற்றுப் பருக்கையைக் காலால் தள்ளுவது போல. ஆனாலும் சோதித்தேன். ஒரு முழம் இழுத்து இரண்டு விரலிலும் சுற்றி வெடுக்கென்று சுண்டுங்கள். ‘டக்’ என்று சத்தத்தோடு அறுந்தால் அதில் உயிர் இருக்கிறது. சத்தமில்லாமல் பிரிந்து வந்தால் இற்றுப்போன நூல். அதை வைத்துத் தைத்த தோள் தையல், போட்டுக்கொண்டவள் பஸ்ஸில் கையைத் தூக்கும்போது விடும். ஜன்னல் வெளிச்சம் படும்படி அழகுக்கு அடுக்கியிருந்த கண்டுகள்தான் அதிகமாக இற்றிருந்தன. பெட்டிக்குள் இருட்டில் கிடந்தவை நன்றாக இருக்கின்றன. எம்ப்ராய்டரிக்கு வாங்கிய ஆங்கர் நூல் சுருள்கள், ஆறு இழை எட்டு மீட்டர், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியவை, பெட்டிக்குள் இருந்ததால் இன்றைக்கும் நிறம் மாறவில்லை. அழகாகக் கண்ணாடி ஜாடியில் அடுக்கி வைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கிறீர்கள் அல்லவா? பாருங்கள், ஆனால் நூலை அப்படி வைக்காதீர்கள்.

ஊசிகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. துருப்பிடித்தது, முனை மழுங்கியது எல்லாவற்றையும் ஒரு பழைய மாத்திரைப் புட்டியில் போட்டு மூடி, மேலே எழுதித்தான் வெளியே கொடுக்க வேண்டும், குப்பை பிரிப்பவர்களுக்கும் கை உண்டு. வீட்டு மிஷின் ஊசிக்குத் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசிக்கு உருண்டையாக இருக்கும். இரண்டையும் கலந்து வைத்துவிட்டு மிஷினைத் திட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். பொட்டலத்தில் 90 என்றும் 14 என்றும் சேர்த்துப் போட்டிருப்பார்களே, அந்த 90 என்பது ஊசியின் தடிமன், 0.9 மில்லிமீட்டர். நம் ஜாக்கெட் வேலைக்குப் பெரும்பாலும் அதுவும் 16-ம் போதும்.

சரிகைத் துண்டுகளை நான் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, உள்ளே அந்துருண்டையும் போட்டு வைத்திருந்தேன். நாலு வருஷத்தில் பாதி கறுத்துவிட்டது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் தனிப்பொட்டலமாகப் போட்டிருந்த அத்தையின் கூறைச்சேலை அறுபது வருஷமாகப் பளபளக்கிறது. அத்தையிடம் இதை ஒத்துக்கொள்ள எனக்கு வயது ஐம்பத்தெட்டு ஆக வேண்டியிருந்தது.

என் மகள் ஒரு ஜப்பான்காரப் பெண்ணின் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். மேரி கோண்டோ. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இது மனதுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று கேட்டுப் பார்த்து, தந்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு என்பது அவர் வழி. உடுப்பு அலமாரிக்குச் சரிப்படும். நமக்குச் சரிப்படாது. ஒரு சாண் கஞ்சி வெள்ளை லேஸ், நாலு விரற்கடை சுங்குடித் துணி, கழற்றி வைத்த ஒரு யானை பட்டன், எதை எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்தைக் கேட்டால் ஒன்றுகூட வெளியே போகாது. மூன்று பிள்ளைகள் ஆனபின் தன் வீட்டில் அந்த அளவுக்கு ஒழுங்கு பார்ப்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டதாக 2023-ல் அவரே சொன்னார். அதைக் கேட்டபின்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

நான் கேட்ட கேள்வி வேறு: இதில் என்ன வெட்டலாம்? ஒரு பிள்ளைச் சட்டைக் கையாவது, ஒரு கழுத்துப் பட்டியாவது, பைப்பிங்குக்கு ஒரு குறுக்குத் துண்டாவது வருமென்றால் இருக்கட்டும். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் மறைந்துபோகிற துண்டெல்லாம் வெளியே. உள்ளங்கை கணக்கு வைத்ததில் மட்டும் நாலு மூட்டை போனது. பழைய பேப்பர்காரர் தராசில் போட்டுப் பார்த்தோம், நாற்பத்தொரு கிலோ. என் எடைக்குச் சற்றே குறைவு.

பாதியில் நின்ற கைவேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொன்னால் வெட்கமாக இருக்கும். கண்ணாடி ஓவியம், பட்டுநூல் வளையல், குவில்லிங், ஆரி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கோடை விடுமுறையில் பத்து நாள் வகுப்பில் தொடங்கியது. ஆரி ஸ்டாண்டும் சமிக்கியும் மேலமாசி வீதிப் பக்கமிருந்து வருகிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் ஒரு மாதத்தில் அதில் சம்பாதித்துவிட்டாள். ஒயர் கூடையை மட்டும் முடித்தேன். நெல்லிக்காய் முடிச்சு கைக்கு மறக்கவில்லை, கண்ணுக்குத்தான் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

இனி அளவு ஜாக்கெட்.

தேடியபோது என் அறையில் பதினான்கு அளவு ஜாக்கெட்டுகள் கிடந்தன. வாங்கிக்கொள்ள மறந்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், ‘உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா’ என்று விட்டுப் போனவர்கள். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் விலாவில் இரண்டு மூன்று தையல் வரி ஓடும். உடம்பு பெருத்தால் ஒன்றைப் பிரித்துவிடலாம் என்று முன்யோசனையாகப் போடுவது. எந்த வரி பிரிந்திருக்கிறது, எது பிரியவில்லை என்று பார்த்தாலே ஒருத்தியின் பத்து வருஷம் தெரிந்துவிடும். பிள்ளை பெற்றது, சர்க்கரை வந்து இளைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. அதில் ஒன்று எங்கள் தெரு டீச்சருடையது. வெங்காயச் சருகு நிறம், கழுத்தில் ‘வ’ வெட்டு. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கடைசியாகப் பிடித்த வரி புதுநூலில் இருந்தது. இளைத்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெட்டுத்துணியில் போட முடியாது. நானே வைத்துக்கொண்டாலும் யாருக்கு அளவெடுக்க? ஒரு வாரம் மிஷின் கைப்பிடியிலேயே தொங்கியது. பிறகு துவைத்து இஸ்திரி போட்டு அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கி முகர்ந்து பார்த்தாள். துவைத்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மற்ற பதின்மூன்றில் பத்துக்கு ஆள் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டேன். உங்களிடமும் இருக்கும். மற்ற எதற்கு முன்னாலும் அதை எடுங்கள், துவைக்காமல் கொடுங்கள்.

கழித்ததை எங்கே அனுப்புவது? ‘ஏழைகளுக்குக் கொடுத்துவிடு’ என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழந்துணி மலை மலையாகக் கொட்டிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். எல்லாம் இழந்து நிற்கும் மீனவப் பெண்ணுக்குக் கிழிந்த பாவாடையையும் மேலைநாட்டுக் குளிர்ச் சட்டையையும் அனுப்பிவிட்டு நம் பரணைச் சுத்தம் செய்துகொண்டோம். அது கொடை இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு: நானே உடுத்தக் கூசுகிற எதையும் இன்னொருத்திக்கு அனுப்புவதில்லை.

நூல்துணி வெட்டுக்குத் தேவை உண்டு. லேத் பட்டறைகளும் வண்டி மெக்கானிக்குகளும் எண்ணெய் துடைக்க எடை போட்டு வாங்குகிறார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் வந்தபின் விலை சரிந்துவிட்டது, இருந்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கொஞ்சம் பெரிய துண்டுகளை நான் கரித்துணியாக ஓரம் அடித்துத் தெருவில் கொடுத்தேன், ஒரே வாரத்தில் தீர்ந்தது. செயற்கைத் துணியைப் பொடியாக வெட்டித் திண்டுக்குள் திணித்தேன், நாலு திண்டு. கல் மாதிரி இருக்கிறது, சாய்ந்தால் முதுகு நேராகிறது. போகியில் மட்டும் போட்டு எரித்துவிடாதீர்கள். பாலியெஸ்டர் உருகி எரியும் புகை எப்படி இருக்கும் என்பது அந்த இரண்டு இழை சோதனையிலேயே மூக்குக்குத் தெரிந்திருக்கும். நாற்பது கிலோவை எரித்தால் தெரு தாங்காது.

வெட்டுத்துணியைக் கலையாக்கினவர்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தேருக்குத் தொங்கும் தொம்பையும் தேர்ச்சீலையும் துண்டுத் துண்டாக வெட்டி ஒட்டித் தைத்தவைதானே. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டே காந்தா போர்வை செய்தார்கள். நானும் செய்யப்போகிறேன் என்று சொல்லித்தான் பதினைந்து வருஷமாக மூட்டை சேர்த்தேன். செய்பவர்கள் சேர்த்துக்கொண்டே இருப்பதில்லை, இருக்கிற துண்டில் தைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

சரி, காலியானது. எப்படித் திரும்ப அடுக்கினேன்? முக்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல், கை எட்டுகிற தூரத்தை ஒரு சாக்கட்டியால் சுவரிலும் தரையிலும் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குள் கத்தரிக்கோல், இஞ்சு டேப், பாபின், அன்றைய வேலையின் நூல், ஊக்குப் பெட்டி. அவ்வளவுதான். மிஷினை ஜன்னல் என் இடப்பக்கம் வரும்படி திருப்பினேன். இத்தனை வருஷமாக வலக்கையின் நிழல் ஊசிமேல் விழ விழத் தைத்திருக்கிறேன், கண் கெட்டதற்கு வயதைத் திட்டிக்கொண்டு. ஊக்கும் பட்டனும் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரியும் ஸ்வீட் பாக்ஸுக்கு மாறின, மூடியைத் திறக்காமலே தெரிகிறது. வெட்டிய வேலைக்கு மட்டும் தனி வழக்கம்: ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு துணிப்பை, அதற்குள் முன், பின், இரண்டு கை, பட்டி, அளவு ஜாக்கெட், எல்லாம் எண்ணி, பையின் காதில் சீட்டு. பை ஆணியில் தொங்கும். மிஷின் மேல் எதையும் வைப்பதில்லை. இந்த ஒரு வழக்கம் பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்திருந்தால் அந்தக் கல்யாணச் சேலை ஒரு முழம் குறைந்திருக்காது.

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன். அறை காலியான மூன்றாம் நாள் காலையில் உள்ளே போனால், சுவரோரமாக இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. ‘இங்கதான் இடம் சும்மா கெடக்கே’ என்றார் வீட்டுக்காரர். மறுநாள் பேரனின் சின்ன சைக்கிள். அதற்கு மறுநாள், நம்ப மாட்டீர்கள், பரணிலிருந்து அண்டா இறங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அந்த மூட்டைகளை நான் எதற்காகச் சேர்த்தேன்? என்றைக்காவது ஆகும் என்று சொல்லிக்கொண்டேன், பாதி உண்மை. மீதி என்னவென்றால், பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்ததும் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அதைத்தான் நான் வெட்டுத்துணியால் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் ஆம்பிளைக்குத் திண்ணை இருக்கிறது, பிள்ளைக்குப் படிப்பு மேசை இருக்கிறது, சாமிக்கு அறை இருக்கிறது. நமக்கு என்று கேட்டால் அடுக்களையைக் காட்டுவார்கள். ‘எனக்கு ஒரு அறை வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல், மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி அண்டாவை வெளியே தள்ளி வைத்திருக்கிறோம். குப்பை என்று நம்மைக் கேலி செய்பவர்கள் அதை எடுத்தால் அந்த இடத்தில் எதை வைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கட்டும்.

மீனாட்சியம்மன் கோவில் கீழக்கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டியது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதற்குள் பாத்திரக்கடையும் புத்தகக்கடையும் வளையல்கடையும்தான். தூணுக்குத் தூண் தையல்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷத் துணி, சாமிக்கு வஸ்திரம், குடை, தொம்பை எல்லாம் அங்கேதான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் மிஷின் ஓடுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன், நான் தையலுக்கு வந்ததே அங்கிருந்துதான். சில வருஷங்களுக்கு முன் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். காலியான மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். இத்தனை காலம் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிலைகள் முழு உடம்போடு நின்றன. அழகுதான். மண்டபத்துக்கு மூச்சு விட முடிந்தது. ஆனால் எந்தத் தூணில் எந்தத் தையல்காரர் சாய்ந்து உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு அந்தத் தூணின் அடையாளமாக இருந்தது. எது அடைசல், எது குடியிருப்பு என்பதை அங்கே உட்கார்ந்து தைத்தவர்களா முடிவு செய்தார்கள்? மண்டபம் பொதுச்சொத்து, அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் பத்துக்கு எட்டு அறைக்கு ஒரு பக்கம்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. கழியுங்கள், கருணை காட்டாமல் கழியுங்கள். ஆனால் கழிப்பதற்கு முன்னாலேயே அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதைத் தீர்மானித்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் வெட்டுமேசை என்றேன். தரையில் குனிந்து வெட்டியே இடுப்பு போனது, இனி நின்றுகொண்டுதான் வெட்டுவேன் என்றேன். தச்சரை வரச்சொல்லி, என் இடுப்புக்கு நாலு விரல் கீழே உயரம் அளந்து, பழைய கதவுப் பலகையில் போட வைத்தேன். பேட்டரி மாடிப்படிக்குக் கீழே போனது. சைக்கிள் பேரனோடு போனது. அண்டாவைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அத்தைக்கு எண்பத்தாறு வயது. அறைக்குள் வந்து மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘நானும் அந்தக் காலத்துல பூவேலை எல்லாம் போடுவேன், எங்க வைக்கிறதுன்னு விட்டுட்டேன்’ என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது மத்தியானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, என் ஆங்கர் நூலில் ஒரு தலையணை உறைக்குக் காம்புத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். கோணலாகத்தான் வருகிறது. பிரிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. துவைத்து வைத்த முப்பத்தொன்று போக, நூற்று ஆறு ஜாக்கெட் பிட்டுகள் இன்னும் கூடத்தில் இருக்கின்றன. பொம்மைக்கு உடுப்பு, பள்ளி நாடகத்துக்கு அலங்காரம், கொலுப்படிக்குத் தொங்கல் என்று யாருக்காவது வேலை இருந்தால் தை பிறப்பதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி உண்டு. வரும்போது வெறுங்கையோடு வர வேண்டும். மரியாதைக்கு என்று வெற்றிலை பாக்கோடு ஒரு ஜாக்கெட் துணியை மடித்துக் கொண்டுவந்தால், அதுவும் பச்சையில் மஞ்சள் புட்டாவாக இருந்தால், வாசற்படியோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு தையல்காரி